அவருக்கு வெயில் ஆகாது

பிப்ரவரி 4, செவ்வாய்

செடி வந்துவிட்டது. அப்பாவும் இறந்துவிட்டார்.

இரண்டும் ஒரே பெட்டியில் வந்தன. வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் சில்வர் ஓக் மரங்கள். கோத்தகிரி முழுவதும் வெயில் அடிக்கிற நாளில்கூட அங்கே அடிக்காது. செவ்வந்தி வைத்தேன், செத்தது. ரோஜா வைத்தேன், அதுவும் செத்தது. அம்மாவின் போனில் தேடியபோது நிழலிலேயே பூக்கும் ஒரு செடி இருப்பது தெரிந்தது. பெயர் அஸ்தில்பே. பூ இறகு மாதிரி, பஞ்சுமிட்டாயை நீளமாக இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. இமாச்சலில் ஒரு நர்சரியில் வேர்க்கிழங்காக அனுப்புகிறார்கள். "பள்ளிக்கூடமும் இல்ல, சும்மா எத்தனை நாள் செவுத்தையே பாப்ப, வாங்கிக்க" என்று அம்மா சொன்னாள்.

அம்மாவின் சிம் அப்பா பெயரில் வாங்கியது. அதனால் பார்சலும் அப்பா பெயருக்குத்தான் வரும். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனார். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்.

கூரியர் அண்ணன் ஊருக்குப் புதிது. முக்கு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, பெட்டிமேல் இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாராம். "அஸ்தி... அஸ்தின்னு என்னமோ போட்டிருக்குங்க. கீழ கதிரேசன்னு இருக்கு. கதிரேசன் அஸ்தி. வீடு எதுங்க?"

கடையில் இருந்தவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்களாம்.

பெட்டிக்குப் பின்னால் டீக்கடையே வந்தது. கூரியர் அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் பெட்டியைக் கொடுத்தார். "மனசைத் தேத்திக்க பாப்பா. இங்க ஒரு கையெழுத்து" என்றார். போட்டேன்.

அடுத்த வீட்டு பேபி அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "போகும்போது ஆறடி ஆளா போனியே, இப்படி அட்டைப்பெட்டியில ஒட்டு போட்டு வந்திருக்கியே!"

'அது செடி' என்று சொன்னால் முடிந்துவிடும். இரண்டே சொல். வாயைத் திறந்தேன். அதற்குள் பூமாலை வந்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

பெட்டி கூடத்தில் நாற்காலிமேல் இருக்கிறது. முன்னால் விளக்கு.

நேற்று அம்மா தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஓடி வந்து, வாசற்படியிலேயே விழுந்து அழுதாள். நான் சமையலறைக்குக் கூட்டிப்போய்ப் போனில் பூவின் படத்தைக் காட்டினேன். படத்தின் கீழே இருந்த பெயரையும், பெட்டியிலிருந்து உரித்த சீட்டில் இருந்த பெயரையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, விரலால் எழுத்து எழுத்தாகக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். முகம் கழுவினாள்.

"வாயைத் திறந்துடாத புள்ள" என்றாள்.

பிறகு கூடத்துக்குப் போய், முன்பைவிடச் சத்தமாக அழத் தொடங்கினாள். துக்கத்தில் அம்மாவுக்குப் படம் சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

வாயைத் திறக்காதே என்று என்னிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. திற என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடம் நின்றுபோனதே என் குரல் வெளியே வராததால்தான். ஒன்பதாம் வகுப்பில் புது டீச்சர் வந்தார். பெயர் கூப்பிட்டதும் 'உள்ளேன் டீச்சர்' என்பேன். எனக்குக் கேட்கும். டீச்சருக்குக் கேட்காது. "நிரோஷா இன்னைக்கும் லீவா?" என்று கேட்டு, வரவில்லை என்று போட்டுக்கொள்வார். நான் முதல் பெஞ்சில்தான் இருந்தேன். கடைசியில், நெடுநாள் வராதவள் என்று பெயரை எடுத்துவிட்டார்கள். அம்மா போய்க் கேட்டபோது, "உங்க பொண்ணு ஸ்கூல் பக்கமே வர்றதில்லைங்களே" என்றார் தலைமையாசிரியர். நான் யூனிஃபார்மில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். "அது இருக்கட்டும், இந்தப் பாப்பா யாருங்க?" என்றார்.

அம்மாவுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. வந்துவிட்டோம்.

பிப்ரவரி 7, வெள்ளி

கிழங்கைக் காயவிடக் கூடாது என்று போனில் இருந்தது. ஆட்கள் காப்பி குடிக்கப் பின்பக்கம் போன நேரத்தில், பெட்டியில் ஊசியால் துளை போட்டுத் தண்ணீர் விட்டேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அடியில் வழிந்து நாற்காலிக் காலில் சொட்டியது.

பேபி அக்காதான் முதலில் பார்த்தாள். "கதிரேசன் அழுவுறான்டீ! பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டுப் போனமேன்னு அழுவுறான்!"

சாயங்காலத்துக்குள் மேல்தெரு, கீழ்த்தெரு இரண்டும் வந்து பார்த்தன. ஒரு அம்மா சொட்டிய தண்ணீரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கிழங்குக்கு ஈரம் போதும் போல் இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மாவின் அண்ணன் மருதமுத்து மாமா எதையும் பெரிதாகச் செய்பவர். பவானி ஆற்றில் கரைக்க வேண்டும் என்று மேட்டுப்பாளையத்துக்கு வண்டி பேசிவிட்டார். இவ்வளவு தூரம் வந்த செடி ஆற்றோடு போகப்போகிறது. மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்பாமேல் உள்ள பாசம் என்று நினைத்துத் தலையைத் தடவினார்.

அப்போது அம்மா சொன்னாள்: "ஆத்துக்கு வேண்டாம்ண்ணே. அங்க வெயிலு. அவருக்கு வெயிலே ஆகாது. பின்னாடி நிழல்லயே வச்சிருவோம்."

"அஸ்தியை வீட்டுல வைக்கலாமாம்மா?"

"அவரு சொன்னாருண்ணே."

"எப்ப சொன்னாரு?"

"கனவுல."

கனவு என்றதும் மாமா வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெட்டியைப் பிரித்தார்கள். கிழங்கு பழுப்பாக, முடிச்சு முடிச்சாக, நார் நாராக இருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"எலும்பு என்னங்க இப்படி முறுக்கிக் கிடக்கு?"

"பனியன் கம்பெனியில வேலை பாத்தா அப்படித்தான் ஆகும்" என்றார் டீக்கடைக்காரர்.

மாமா பெட்டியின் அடியில் அனுப்பியவர் முகவரியைப் பார்த்துவிட்டார். "இமாச்சலுடா! இமயமலைக்குப் போயிருக்கான் என் மாப்ள! திருப்பூர்ல குடிச்சிட்டுக் கிடக்கான்னு சொன்னீங்களேடா, சாமியாரா போயிருக்கான்டா!"

எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மாமா இடுப்பளவு குழி வெட்டிவிட்டார். அவ்வளவு ஆழத்தில் வைத்தால் அழுகிவிடும். நான் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டேன். பாதியை மூட ஒத்துக்கொண்ட பிறகுதான் ஏறினேன். முளைக்கண் மேலே பார்க்கும்படி நானே வைத்தேன். அவர்கள் பாலும் எள்ளும் விட்டார்கள். எல்லாரும் போன பிறகு பாலை மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

பதினாறாம் நாள் காரியம். மாமா கேட் அருகே பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார். அப்பாவின் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது, கூலிங்கிளாஸ் போட்டது. மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே 'இமயம் சென்ற இறையடியார், சமூக சேவகர்'. மறைவு என்ற இடத்தில் பார்சல் வந்த தேதி.

அம்மா தாலியைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டாள். பொட்டை எடுக்கவில்லை. யாரோ கேட்டதற்கு, "சாமியாரு பொண்டாட்டி எடுக்கக் கூடாது" என்றாள். அது எந்த ஊர் வழக்கம் என்று தெரியவில்லை. எல்லாரும் சரி என்று தலையாட்டினார்கள்.

மார்ச் 8, சனி

ஒன்றும் முளைக்கவில்லை.

மார்ச் 15, சனி

முளைத்துவிட்டது! தளிர் செம்பு நிறத்தில், சுருட்டிய கைவிரல் மாதிரி இருக்கிறது. கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

"கோவக்கார மனுசன், செவப்பாத்தான் வருவாரு" என்றாள் பேபி அக்கா.

மார்ச் 23, ஞாயிறு

அம்மா இப்போது நன்றாகத் தூங்குகிறாள். முன்பு பத்திரிகை வைக்க வருபவர்கள், "வீட்டுக்காரரு எங்க, வந்தாரா, காசு அனுப்புறாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் குங்குமம் தருவார்கள். ஃபேக்டரியில் சூப்பர்வைசர் 'ஓடிப்போனவன் பொண்டாட்டி' என்றுதான் கூப்பிடுவாராம். இப்போது 'இந்திராணியம்மா' என்கிறாராம். அரைமணி நேரம் தாமதமாகப் போனால்கூட, "மெதுவா வாங்க" என்கிறாராம்.

நான் 'அது செடி' என்று சொன்னால் அம்மா மறுபடி ஓடிப்போனவன் பொண்டாட்டி ஆகிவிடுவாள். அதனால் சொல்லாமல் இருப்பது எனக்கு வேலை மாதிரி ஆகிவிட்டது. "உன் வாய் இப்பத்தான் உருப்படியா ஒரு காரியம் பண்ணுது" என்றாள் அம்மா. படம் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கலாம்.

ஏப்ரல் 12, சனி

மண் காய்ந்தால் இலை ஓரம் கருகுகிறது. சில்வர் ஓக் சருகை அள்ளிப் பரப்பினேன். காலையும் மாலையும் தண்ணீர்.

செடியிடம் பேச ஆட்கள் வருகிறார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து களை பிடுங்குவேன். நான் இருப்பது யாருக்கும் கணக்கில்லை. மாமா, "மாப்ள, உன் ஹெல்மெட்டைத் தொலைச்சிட்டேன்னு சொன்னேன்ல, வித்துட்டேன்டா" என்று அழுதார். டீக்கடைக்காரர், ஒருநாள் அப்பாவுக்கு வேண்டுமென்றே நேற்றுப் போட்ட போண்டாவைக் கொடுத்ததைச் சொன்னார்.

அம்மா ஒன்றும் பேசுவதில்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள். இன்று மட்டும், "குடி. இப்பவாவது தண்ணியா குடி" என்றாள். குடத்தை வலது கையால்தான் தூக்குகிறாள். இடது மணிக்கட்டு சரியாகத் திரும்பாது. அது ஏன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

மே 18, ஞாயிறு

காட்டெருமை வந்தது. அப்பாவின் பாத்தி ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மிதிக்காமல் போனது. மாமா அதற்கும் அர்த்தம் சொன்னார்.

ஜூன் 21, சனி

மழை பிடித்துவிட்டது. மொட்டு! நடுவிலிருந்து நீளமாக ஒரு காம்பு, அதில் கடுகு கடுகாக. நாள் முழுக்க நனைந்துகொண்டு பார்த்தேன்.

ஜூலை 16, புதன்

பூத்துவிட்டது. அந்த இருட்டு மூலையில் யாரோ இளஞ்சிவப்பில் விளக்கு வைத்த மாதிரி இருக்கிறது. தொட்டால் பூனை முதுகு.

அம்மா பார்த்தாள். "அட, இவ்வளவு அழகா இருக்கே" என்றாள். பிறகு, "அவரு இப்படியெல்லாம் இல்ல" என்றாள்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் படையல் போடத் தோட்டத்திலேயே தார்ப்பாய் கட்டினார் மாமா. செடிக்கு முன்னால் தலைவாழை இலை. வடை, பாயசம், உருளைக்கிழங்கு வறுவல். ஓரமாக ஒரு குவார்ட்டர் வைக்கலாமா என்று மாமா கேட்டார்.

"அவரு விட்டுட்டாருண்ணே" என்றாள் அம்மா.

"எப்பம்மா?"

"பிப்ரவரியில."

காக்காவுக்குச் சோறு வைத்தார்கள். காக்கா வரவில்லை. இந்த மழைக்கு எந்தக் காக்கா வரும்? காக்கா சாப்பிடாமல் யாரும் சாப்பிடக் கூடாது. எல்லாருக்கும் பசி. மாமா மதில்மேல் ஏறி நின்று "கா... கா..." என்று தொண்டை கட்டும் வரை கூப்பிட்டார்.

கேட் சத்தம் கேட்டது. நான் போனேன்.

குடை பிடித்த ஒரு ஆள் ஃப்ளெக்ஸைப் படித்துக்கொண்டிருந்தார். உதடு அசைத்துப் படித்தார். "சமூக சேவகரா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கூலிங்கிளாஸ் இல்லை. முடி கொட்டியிருந்தது. மற்றபடி போட்டோ மாதிரியேதான் இருந்தார்.

"பாப்பா, யாரோ போன்ல இதை அனுப்பியிருந்தாங்க. அதான் என்னன்னு பாக்க வந்தேன்" என்றார். பிறகு, "நான்தாம்மா கதிரேசன்" என்றார்.

மிக மெதுவாகச் சொன்னார். குடிக்காத நேரத்தில் அவருக்குக் குரலே வராது என்று அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். என் குரல் யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் சொன்னது எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"யாரு புள்ள அங்க?" என்று மாமா மதில்மேலிருந்து கேட்டார்.

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா கரண்டியை இடது கையில் பிடித்தபடி நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"கதிரேசன் இல்லைங்க" என்றேன். "அவரு செத்துட்டாரு."

பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அவ்வளவு சத்தம். பேபி அக்கா அப்பளத்தைக் கீழே போட்டாள்.

"யாரு பேசுனது? நிரோஷாவா?"

"இந்தப் புள்ளைக்குக் குரல் இருக்காடீ!"

"மைக்கு வச்ச மாதிரியில்ல இருக்கு!"

கொஞ்ச நேரம் என் குரலைப் பற்றியே பேசினார்கள். கேட்டில் நின்றவரை அதற்குப் பிறகுதான் கவனித்தார்கள். மாமா மதிலிலிருந்து இறங்கினார். அவரைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், காக்காச் சோற்றைப் பார்த்தார்.

"இன்னைக்கு அமாவாசை" என்றார்.

"ஆமா."

"வர்ற நாளுதானே."

"காக்காவா வருவாருன்னு பாத்தா..." என்றார் டீக்கடைக்காரர்.

"சாமியாரா இருந்தவரு. அவங்களாலெல்லாம் முழு உருவத்துல வர முடியும்" என்றாள் பேபி அக்கா. பசி அவளுக்குத்தான் அதிகம்.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அப்படித்தான் இருக்கும். கையைப் பிடித்துக் கூட்டிவந்து படையல் இலைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். பஸ்ஸில் வந்தவர், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார். வடையைப் பார்த்தார். எடுத்துக் கடித்தார்.

"எடுத்துட்டாரு, எடுத்துட்டாரு! இலையைப் போடுங்க!" என்றார் மாமா. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காக்கா சாப்பிடும்போது யாரும் அதனிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. அப்படியே அவரிடமும் யாரும் பேசவில்லை.

அம்மா பாயசம் வாளியோடு வரிசையாக வந்தாள். அவர் இலைக்கு முன் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாண்ணே?"

"எனக்குப் போதும்மா" என்றார் பக்கத்து இலையிலிருந்து மாமா.

"உங்களை இல்லைண்ணே."

அவர் கை இலையில் அப்படியே நின்றது. அம்மா கரண்டியைச் சாய்க்காமல் காத்திருந்தாள்.

"போதும்மா" என்றார் அவர். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

கை கழுவிவிட்டுச் செடிப் பக்கம் வந்தார். நான் காம்புக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தேன்.

"இதுதானா?"

"ம்."

"பேரு என்ன?"

"அஸ்தில்பே. நிழல்லதான் வரும். வெயில் ஆகாது."

"எனக்கும் ஆகாது" என்றார்.

"தெரியும்" என்றேன். "ஊருக்கே தெரியும்."

ஒரு விரலால் பூவைத் தொட்டார். "நீ சின்னப் புள்ளையில சத்தமே போட மாட்ட" என்றார். வீட்டில் சத்தத்தையெல்லாம் ஒருவரே போட்டுத் தீர்த்துவிட்டதால் என்று சொல்ல நினைத்தேன். இறந்தவரிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

போகும்போது கேட்டில் நின்றார். காற்றில் ஃப்ளெக்ஸின் ஒரு மூலை அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது. குடையைக் கீழே வைத்துவிட்டு, நனைந்தபடி அந்தக் கயிற்றை இழுத்து நன்றாகக் கட்டிவிட்டுப் போனார்.

ஜூலை 25, வெள்ளி

காக்கா இன்றுதான் வந்தது. வடை தீர்ந்துவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

காய்ந்த பூவை வெட்டவில்லை. பழுப்பாக இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஃப்ளெக்ஸை எடுத்துக் கோழிக்கூண்டின்மேல் போட்டாள் அம்மா. கோழிகள் நனையாமல் இருக்கின்றன.

டிசம்பர் 21, ஞாயிறு

உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. இலை, காம்பு எல்லாம் கருகி மண்ணோடு படுத்துவிட்டது. பேபி அக்கா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அய்யய்யோ, செடி போச்சாடீ?"

சருகை விலக்கி மண்ணை விரலால் கிளறினேன். கிழங்கு கெட்டியாக இருந்தது. ஓரத்தில் அரிசி முனையளவுக்குச் சிவப்பாக அடுத்த வருஷத்து முளை.

"உள்ளே இருக்கு" என்றேன்.

"எதுக்குப் புள்ள கத்துற?" என்று பேபி அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். "பக்கத்துலதானே நிக்கிறேன்."